மிதித்தால் பாடும் ரேடியோ

1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அரும்பொருளாயிற்று. அதற்காகச் செய்தி கேளாமல் இருக்க முடியுமா? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பேசியது. வீட்டார் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள்.

இலத்திரனியல் வேலைமேசைக்கு முதலில் என்ன வேண்டும் என்றால் பலரும் சோல்டரிங் அயன் என்பார்கள். அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு மின்வழங்கிதான் முதலில் நினைவுக்கு வரும்.

சாதாரண சைக்கிள் டைனமோ 6 உவோற்று, 3 உவாற்று. அது தருவது ஆடலோட்டம். ரேடியோவுக்கு வேண்டியதோ நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாகக் கோத்தால் மின்னோட்டம் ஒரே திசைக்கு வரும், ஆனால் சுமார் 1.4 உவோற்று அதிலேயே கரையும். ஒரு கொள்ளளவி சேர்த்தால் இரைச்சல் அடங்கும். பெரிய தொல்லை வேகம்தான். ரேடியோ கொஞ்ச மின்னையே இழுப்பதால், உற்சாகமாக மிதித்தால் உவோற்று 6ஐத் தாண்டி எகிறும். சைக்கிள் லைற்றையும் கூடவே எரியவிட்டால் சற்று இறங்கும்.

இன்றைய மேசை மின்வழங்கியில் இதற்கெல்லாம் இரண்டு குமிழ்கள் போதும்: ஒன்று உவோற்றுக்கு, மற்றது மின்னோட்ட வரம்புக்கு. இரண்டாவதை முதலில் குறைத்து வைத்துவிட்டுத்தான் பழுதுபார்த்த பலகையை இணைக்க வேண்டும். 230 உவோற்றில் ஓடும் பழைய பெட்டிகளுக்குத் திருத்துநர்கள் ஒரு 60 உவாற்று இழை பல்பைத் தொடராக மாட்டுவதுண்டு. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், பெட்டி புகையாது. மலிவான, அருமையான தந்திரம்.

அடுத்தது மல்டிமீட்டர். அம்பியர், உவோற்று, ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ‘அவோமீட்டர்’ 1923இல் வந்தது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியியலாளர் டொனால்ட் மகாடியின் ஆக்கம் அது. அம்பியர் துளையில் வயரை விட்டுவிட்டு உவோற்று அளக்கப் போவதுதான் புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை. உருகி போனால் அதிர்ஷ்டம், மீற்றரே போவதும் உண்டு.

அயனுக்கு வருவோம். 63 வீதம் தகரமும் 37 வீதம் ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஈயமில்லாத வகைக்கு ஏறக்குறைய 217 வேண்டும். சூடாக வேண்டியது இணைப்பு. அயன் நுனியில் உருக்கி அப்பினால் பற்றாசு மணிபோல் உருண்டு நிற்கும், ஒட்டாது. உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் செம்பு பச்சை பூத்திருக்கும். சுரண்டித் துடைத்த பின்பே அயனைத் தொட வேண்டும்.

அலையைக் கண்ணால் காட்டும் அலைவுகாட்டி ஆசைக்குரிய கருவிதான். வீட்டு மேசைக்கு அது பிறகு வரட்டும். அந்தக் காசில் வெப்பம் கட்டுப்படுத்தும் நல்ல அயனொன்றும் நம்பகமான மல்டிமீட்டரொன்றும் வாங்கிவிடலாம்.