மிதிகட்டை உணர்த்தும் பழுது

அம்பாசிடர் கார்கள் வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டன. ஆலை ஓய்ந்த பின்னரும் அவற்றுட் சில தமிழகச் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தகைய பழைய வண்டியை ஓட்டுபவரை மயக்கும் குறை ஒன்று உண்டு. காலையில் பிரேக்கை அழுத்தினால் மிதிகட்டை அடிவரை தாழும். மறுமுறை அழுத்தினால் உயர்ந்து நிற்கும். நண்பகலில் நெகிழ்ந்து கிடக்கும். மாலையில் யாதொரு குறையும் இராது. சரியாகிவிட்டது என்று எண்ணி அவர் அதனை மறந்துவிடுவார். பழுதோ நீங்கவில்லை, ஒளிந்துகொண்டது. அது எங்கே ஒளிந்துள்ளது என்பதை மிதிகட்டை மாறும் முறையே காட்டிக்கொடுக்கும்.

மிதிகட்டையை அழுத்துங்கால், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் நகர்ந்து அங்குள்ள நீர்மத்தை நெருக்கும். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. அவ்வழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உரசச் செய்யும். நீர்மம் எளிதில் சுருங்குவதன்று. ஆகவே மிதிகட்டை உறுதியாக நிற்றல் வேண்டும்.

முதல் அழுத்தத்தில் தாழ்ந்து, இரண்டு மூன்று முறை அழுத்தியபின் உயர்ந்து உறுதியாக நிற்குமாயின், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்துள்ளது எனலாம். லைனிங் தேயத்தேய இவ்விடைவெளி பெருகும். பழைய வண்டிகளில் அதனை அவ்வப்போது திருகிக் குறைக்க வேண்டும். உயர்ந்த பின்னரும் ரப்பர்ப் பந்தை மிதிப்பதுபோல் இருந்தால், குழாயினுள் காற்று புகுந்துள்ளது. காற்றோ சுருங்கும் இயல்புடையது. காலின் உழைப்பு அதனை நெருக்குவதிலேயே கழிந்துவிடும். காற்றை வெளியேற்றிய சில நாட்களில் மீண்டும் நெகிழ்ந்தால், அது புகும் வழியை அன்றோ தேட வேண்டும்?

இவற்றினும் அஞ்சத்தக்கது மிதிகட்டை மெல்ல மெல்லத் தாழ்வது. வண்டியை நிறுத்தி, அரை நிமிடம் மென்மையாக, ஒரே சீராக அழுத்தியிருந்தால் இது புலப்படும். நீர்மம் குறைந்திருப்பின் சக்கரங்களிலும் குழாய் இணைப்புகளிலும் கசிவைத் தேடுதல் வேண்டும். சொட்டும் குறையவில்லையாயின், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள கிண்ணம் போன்ற ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். வன்மையாக மிதித்தால் அழுத்தம் அதன் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டச் செய்யும். மென்மையாக மிதித்தால் ஓரத்தில் நீர்மம் நழுவும். ஒருமுறை நன்றாகவும் ஒருமுறை தீதாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம். பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்ம வழிதான். அது தவறினால் எஞ்சுவது கம்பியால் இயங்கும் கைப் பிரேக் ஒன்றே.

உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் பாதையில் வேறொரு பழுது வெளிப்படும். கீழ்க் கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பி வருவோரின் டிரம்கள் கடுஞ்சூடேறும். பிரேக் ஆயில் என்று வழங்கப்படும் நீர்மம் உண்மையில் எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாயின் 205 பாகை செல்சியசு வரையேனும் கொதியாது நிற்றல் வேண்டும், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின் அதற்கு விதித்த எல்லை 140 பாகையே. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத நீர்மம் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் சுருங்குமாதலால், மிதிகட்டை திடீரெனத் தாழ்ந்துபோகும்.

அடிவாரத்தில் வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் நீர்மமாகிவிடும். அங்குள்ள மெக்கானிக் அழுத்திப் பார்த்தால் மிதிகட்டை உறுதியாகவே நிற்கும். எத்தனை வளைவுகளைக் கடந்தபின், எவ்வாறு அது தாழ்ந்தது என்று ஓட்டுநர் எடுத்துரைத்தாலன்றி, பழைய நீர்மத்தை மாற்ற அவர் நினையார்.