சிகிச்சைக்கு முந்திய நாட்கள்

கழுத்தில் நோவின்றித் திரண்ட ஒரு கட்டியும், வந்து வந்து போகும் காய்ச்சலும், இரவில் ஆடையை நனைக்கும் வியர்வையுமாக ஆரம்பித்த உபாதை, நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று நிச்சயமான பின்பு, கீமோதெரபி தொடங்கும் வரையிலுள்ள சில நாட்களை, திகிலடைந்து வெறுமனே கழித்துவிடும் குடும்பங்கள் அநேகம். அந்நாட்களும் சிகிச்சையைச் சேர்ந்தவையே என்பதை வற்புறுத்தவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-ஆம் ஆண்டில் இவ்வியாதியை வர்ணித்த காலத்தில், வர்ணிப்பதற்கு மேல் வைத்தியரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. முதல் உலக யுத்தத்தில் மனிதரை மாய்த்த கடுகுவாயு வெள்ளணுக்களையும் அழித்ததைக் கவனித்த விஞ்ஞானிகள், அதன் இனத்தைச் சார்ந்த நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் லிம்போமா நோயாளி ஒருவருக்குச் செலுத்தியபோது, கட்டிகள் கரைந்து, பின் மீண்டும் வளர்ந்தன. ஒரு மருந்தால் ஆகாததைப் பல மருந்துகள் கூடிச் சாதிக்கும் என்ற உண்மை பிற்பாடு புலனாகி, 1970-களில் மிலான் நகரத்து வைத்தியர் போனடோனா வகுத்த ஏ.பி.வி.டி. என்னும் நான்கு மருந்து முறையால் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் பூரண குணமடையலாயினர். அந்நான்கில் ஒன்றான வின்பிளாஸ்டின், நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து 1958-இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் அச்செடியின் இலையை வீட்டில் அரைத்துக் குடிப்பது மருந்தாகாது, விஷமாகும்.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவதால், நோயோடு தலைமுடியும், வாயின் மென்தோலும், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் சிறிது காலம் துன்புறும். மேற்சொன்ன நான்கு மருந்துகளுள் டாக்ஸோரூபிசின் இருதயத்தையும், பிளியோமைசின் நுரையீரலையும் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோ என்னும் இருதயப் பரிசோதனையும் சுவாசப் பரிசோதனையும் முன்கூட்டியே செய்யப்படுகின்றன. புகைபிடிப்போர் நோய் நிச்சயமான அன்றே அதை விட்டொழிக்க வேண்டும். பெட் ஸ்கேன் நோயின் பரவலைக் காட்டுகிறது. சொத்தைப் பல் இருப்பின் தொற்றுக்கு வழியாகுமாதலால் அதை முதலில் கவனிப்பது நலம்.

கேட்கத் தயங்கித் தவறவிடப்படுவது ஒன்று உண்டு. இந்நோய் வாலிப வயதினரையும் அதிகமாகப் பற்றுவதாகலின், பிற்காலத்தில் சந்தானம் வேண்டுவோர் விந்துவையோ கருமுட்டையையோ உறைநிலையில் சேமித்து வைப்பது பற்றி முதல் ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் பேசிவிட வேண்டும். அதற்குப் பெற்றோர் லஜ்ஜைப்படலாகாது. உட்கொண்டு வரும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருள் வசதி குறைந்தோர், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நிலையைச் சிகிச்சைக்கு முன்னரே விசாரித்துக்கொள்வது உசிதம்.

வீட்டில் ஒரு காய்ச்சல்மானியும், சந்தேகங்களையும் மருந்து வேளைகளையும் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் அவசியம். மருந்தேறிய பின் சிறுநீர் சிவந்து போவது டாக்ஸோரூபிசினின் நிறமேயன்றி இரத்தமன்று. ஓரிரு நாளில் மாறிவிடும். ஆனால் உஷ்ணம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வெள்ளணுக்கள் குறைந்த உடலில் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதால், வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல், நள்ளிரவாயினும் அப்பொழுதே நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.