செய்வித்தலும் தூண்டுதலும்: நிகழ்முறை இறையியலைத் தமிழில் பெயர்த்தல்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் 'பிராசஸ் தியாலஜி' எனப்படும் சிந்தனை மரபை இக்கட்டுரை 'நிகழ்முறை இறையியல்' எனக் குறிக்கிறது. 'செயல்முறை' என்னும் சொல் ஒரு வேலையைச் செய்யும் வழியையே பெரிதும் சுட்டுவதால் ஈண்டுப் பொருந்தாது. கணிதவியலாளராகத் தொடங்கி மெய்யியலாளரான ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட் (1861–1947), 1927–28ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் கிஃபோர்டு சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவற்றிலிருந்து உருவாகி 1929இல் வெளிவந்த 'நிகழ்முறையும் மெய்ம்மையும்' என்னும் நூலே இம்மரபின் அடித்தளம். சார்லஸ் ஹார்ட்ஷோர்ன் (1897–2000), ஜான் காப் (1925–2024), டேவிட் ரே கிரிஃபின் (1939–2022) ஆகியோர் இதனை முழுமையான இறையியலாக வளர்த்தனர். பின்னிருவரும் 1973இல் கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் நகரில் இதற்கென ஓர் ஆய்வு மையத்தைத் தோற்றுவித்தனர்.

இம்மரபைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கலைச்சொல் பற்றியது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கலைச்சொற்களைவிட வினைச்சொற்களைத் தெரிவு செய்வதிலேயே பொருள் பெரிதும் மாறிவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. பொருளும் நிகழ்வும்

எழுவாய்–பயனிலை அமைப்பில் பழகிய மொழி, மாறாத ஒரு பொருளையும் அதன்மேல் ஏற்றப்படும் பண்புகளையும் கொண்டதாக உலகைக் காணத் தூண்டிவிட்டது என்பது வைட்ஹெட்டின் குற்றச்சாட்டு. அவர் கருத்தில் உலகின் இறுதிக் கூறுகள் பொருள்கள் அல்ல. தோன்றி, முழுமையுற்று, மறையும் அனுபவ நிகழ்வுகளே. ஒவ்வொரு நிகழ்வும் தனக்கு முந்தியவற்றை உள்வாங்கி, அவற்றிலிருந்து தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

இவ்விறுதிக் கூறுகளை 'உள்பொருள்' எனப் பெயர்த்தால், அவர் விலக்க விரும்பிய கருத்தே மீண்டும் நுழைந்துவிடும். 'மெய்ந்நிகழ்வு' என்பது ஓரளவு பொருந்தும். தமிழில் இதற்கு உதவும் ஒரு வேறுபாடு உண்டு. 'செய்தவன்' என்னும் வினையாலணையும் பெயர் செய்தவனைச் சுட்டுகிறது; 'செய்தல்' என்னும் தொழிற்பெயர் செயலையே சுட்டுகிறது. வைட்ஹெட்டைப் பெயர்ப்பவர் இயன்றவரை இரண்டாவதன் பக்கம் நிற்றல் நலம்.

3. கடவுளின் இரு இயல்புகள்

கடவுளுக்கு இரு இயல்புகள் உள்ளன என்பர் இம்மரபினர். ஒன்று, நிகழக்கூடிய அனைத்தையும் காலங்கடந்து உட்கொண்டிருக்கும் இயல்பு. இதனைத் 'தொடக்க இயல்பு' என்றால் காலத்தில் முந்தியது என்ற பொருள் ஏறிவிடும். 'முதனிலை இயல்பு' எனலாம். மற்றொன்று, உலகில் நிகழும் ஒவ்வொன்றையும் தம்முள் ஏற்று, அதனால் தாமும் மாறும் இயல்பு. 'விளைவு இயல்பு' என்னும் நேர்ப்பெயர்ப்பு, கடவுளையே ஒரு விளைபொருளாகக் காட்டிவிடுகிறது. 'ஏற்கும் இயல்பு' என்பது கருத்துக்கு நெருக்கமானது. உலகின் துன்பம் கடவுளையும் தொடுகிறது என்ற கொள்கை இவ்வியல்பின்மீதே நிற்கிறது.

தமிழ்ச் சமயச் சொற்களைக் கையாள்வோர் இங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். உலகம் இன்மையிலிருந்து படைக்கப்பட்டது என்பதைச் சைவ சித்தாந்தமும் கொள்வதில்லை. இவ்வொற்றுமை கருதி அதன் கலைச்சொற்களை எடுத்தாண்டால், மாற்றமுறாத பதி என்னும் கருத்தும் உடன் வந்துவிடும். நிகழ்முறை இறையியல் மறுப்பது அதனையே.

4. தீமையும் வினைகளின் உட்கிடையும்

பின்வரும் தொடர்களை நோக்குக:

(அ) ஆசிரியர் மாணவனை எழுத வைத்தார். ஆனால் அவன் எழுதவில்லை.
(ஆ) ஆசிரியர் மாணவனை எழுதத் தூண்டினார். ஆனால் அவன் எழுதவில்லை.

முதல் தொடர் முரண்படுகிறது, இரண்டாவது முரண்படவில்லை. 'எழுதுவி', 'எழுதச் செய்', 'எழுத வை' ஆகிய ஆக்கவினைகள், செயல் நிகழ்ந்தது என்பதைத் தம்முள் அடக்கியவை. 'தூண்டு', 'அழை', 'வேண்டு' ஆகியவற்றில் அவ்வுட்கிடை இல்லை. செயல் நிகழ்வதும் நிகழாததும் மற்றவரைப் பொறுத்தது.

தீமை பற்றிய சிக்கல் முழுவதையும் இவ்வேறுபாட்டில் காணலாம். கடவுளின் செயல்களை ஆக்கவினைகளால் கூறினால், உலகில் நிகழும் கொடுமைகளும் அவர் செய்வித்தவையாக முடியும். கடவுள் வற்புறுத்துவதில்லை, இணங்க வைக்க முயல்கிறார் என்பது நிகழ்முறை இறையியலின் மையக் கொள்கை. ஆயினும் 'இணங்க வை' என்னும் அத்தொடரிலேயே ஆக்கவினை புகுந்துவிடுவதைக் காண்க. 'இணங்குமாறு அழைக்கிறார்' என்பதே கொள்கையைக் காக்கும்.

துன்பம் நேர்ந்த வீட்டில் எழும் வினா, 'கடவுள் ஏன் தடுக்கவில்லை?' என்பது. 'தடுக்கவில்லை' என்னும் எதிர்மறை, தடுக்கும் ஆற்றல் இருந்தது என்பதைக் குறிப்பாக உணர்த்துகிறது. மரபுவழி இறையியல் அக்குறிப்பை ஏற்று, தடுக்காமைக்குக் காரணம் தேடுகிறது. நிகழ்முறை இறையியல் அக்குறிப்பையே மறுக்கிறது. ஆனால் இம்மறுப்பைக் 'கடவுளால் தடுக்க முடியவில்லை' எனப் பெயர்த்தால், முயன்று தோற்ற ஒருவரின் தோற்றமே எழும். 1976இல் வெளியான 'கடவுள், ஆற்றல், தீமை' என்னும் நூலில் கிரிஃபின் கூறுவது இவ்விரண்டும் அன்று. உள்ளவை யாவும் சிறிதளவேனும் தற்செயலாற்றல் உடையன. ஆகவே எந்த நிகழ்வும் ஒருவரால் மட்டும் முடிவு செய்யப்படுவதில்லை. கூடுதல் நன்மைக்கான திறன் வளருந்தோறும் கூடுதல் துன்பத்துக்கான திறனும் உடன் வளர்கிறது என்பதும் அவர் வாதம்.

தீமையை வெல்வதற்கு உறுதி தராத கடவுள் வழிபாட்டுக்கு உரியவரா என்று மறுப்பாளர்கள் வினவுவர். வினா வலிமையானதே. எனினும் மொழிபெயர்ப்பின் பிழையால் அவ்வினா எழுதல் கூடாது.

5. 'எல்லாம் வல்ல' என்னும் அடை

எபிரேய மறைநூலில் வரும் 'ஷத்தாய்' என்னும் இறைப்பெயரின் சொற்பிறப்பு உறுதிப்படவில்லை. யோபு நூலின் பழைய கிரேக்கப் பெயர்ப்பில் அது பல இடங்களில் 'பாந்தொக்ராத்தோர்', அதாவது 'அனைத்தையும் ஆள்பவர்' என்றாயிற்று. இலத்தீனில் 'ஓம்னிபொத்தென்ஸ்', அதாவது 'எல்லாம் செய்யவல்லவர்' என்றாயிற்று. தமிழ் விவிலியங்களின் 'சர்வவல்லமையுள்ள', 'எல்லாம் வல்ல' ஆகிய அடைகளும் இவ்வழியில் வந்தவையே. ஒரு பெயர் ஆட்சியாகி, ஆட்சி வரம்பற்ற ஆற்றலாகிவிட்டது. எல்லாம் வல்லமை என்னும் கருத்தையே இறையியல் பிழைகளுள் ஒன்றாக எண்ணி ஹார்ட்ஷோர்ன் 1984இல் தனிநூல் எழுதினார். கொள்கைகள் உருவாவதில் மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்குண்டு என்பதற்கு இது தக்க சான்று.

6. சமய அனுபவம்

வைட்ஹெட் 1925இல் 'பிரிஹென்ஷன்' என்னும் சொல்லை, அறிவின் துணையின்றியும் நிகழும் பற்றுதலைக் குறிக்க ஆண்டார். 'பற்று' எனப் பெயர்த்தால், தமிழ்ச் சமய வழக்கில் துறக்கப்பட வேண்டியதையே அது நினைவூட்டும், 'பற்றுகை' ஏற்புடையது. ஒவ்வொரு நிகழ்வும் கடவுள் தரும் தொடக்க நோக்கத்தையும் பற்றுகிறது. எனவே சமய அனுபவம் என்பது எப்போதோ வந்து சேரும் புதிய காட்சி அன்று. எப்போதும் உள்ள பற்றுகை நனவுக்கு எட்டுவதே அது.

'நான் கடவுளைக் கண்டேன்' என்னும் தொடர் இதற்குப் பொருந்தவில்லை. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குப் பட்டது' ஆகிய நான்காம் வேற்றுமைத் தொடர்கள், அனுபவிப்போரின் முயற்சியின்றி நேர்வதைக் காட்டுகின்றன. எனினும் நிகழ்வு வெறும் கொள்கலன் அன்று. கிடைத்த நோக்கத்தை ஏற்கவோ மறுக்கவோ செய்கிறது. ஆகவே, 'எனக்குப் பட்டது. நான் ஏற்றேன்' என இரு அமைப்புகளும் அடுத்தடுத்து வேண்டப்படுகின்றன.

7. முடிவுரை

மூன்று இடங்களிலும் ஒரே வினா எழுகிறது: செயல் யாருடையது? ஆக்கவினை, எதிர்மறை, வேற்றுமை ஆகியவற்றின் வழியாகத் தமிழ் இவ்வினாவுக்கு நுட்பமாக விடை தர வல்லது. கலைச்சொல் பட்டியலை அணியமாக்கும் முன்னர், கடவுளை எழுவாயாகக் கொண்ட ஒவ்வொரு தொடரையும் எடுத்து, அதன் வினை எதனை உட்கிடையாகக் கொண்டுள்ளது என ஆராய்தல் மொழிபெயர்ப்பாளரின் முதற்பணியாகும்.