ஜலசந்திக்கு அப்பால் ஒரு நாள்

அயல் தேசப் பிரயாணம் என்றால் மூட்டை முடிச்சுகள், வழியனுப்பு உபசாரம், கொஞ்சம் கண்ணீர் எல்லாம் வேண்டும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். சிங்கப்பூர்வாசிகளுக்கு அவை ஒன்றும் தேவையில்லை. ஒரு பாஸ்போர்ட்டும், ஒரு குடையும், நிரம்பப் பொறுமையும் இருந்தால் போதும். காலையில் காப்பி அருந்திவிட்டுக் கிளம்பி, மலேசியாவின் ஜோகூர் பாரு நகரில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஸ்நேகிதர்கள் மூவருடன் நாமும் அவ்விதம் ஒரு நாள் போய் வந்தோம்.

இரு தேசங்களுக்கும் இடையே இருப்பது ஜோகூர் ஜலசந்தி. ஒரு காலத்தில் ரயிலின் சரக்கு வண்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். பிறகு புக்கித் தீமா குன்றிலிருந்தும் உபின் தீவிலிருந்தும் கருங்கல் கொண்டுவந்து கடலில் கொட்டி, 1,056 மீட்டர் நீளத்துக்குப் பாதை அமைத்தார்கள். 1923-ம் வருஷம் அதில் ரயில் ஓடிற்று. 1924 ஜூன் மாதம் கோலாகலமாகத் திறப்பு விழா நடந்தது. 1942 ஜனவரி 31-ந் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் சைன்யம் இதன் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. ஜப்பானியர் வருவது அதனால் நின்றுவிடவில்லை. பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

கடற்பாலத்தின் தூரம் நடந்தால் கால் மணி நேரம். ஆனால் பஸ்ஸில் ஏறியவர் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. சிங்கப்பூர்க் கரையில் எல்லோரும் இறங்கிப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மறுபடி பஸ் ஏறிப் பாலத்தைக் கடக்க வேண்டும். மலேசியக் கரையில் மறுபடி இறங்கி, மறுபடி காட்ட வேண்டும். விடுமுறை நாளில் இவ்வளவும் முடிவதற்குள் சொந்த ஊர்ச் சமாசாரம் அனைத்தையும் பேசித் தீர்த்துவிடலாம். நாம் தீர்த்துவிட்டோம்.

ஜோகூர் பாருவின் பழைய வீதிகள் நடந்து பார்க்கத் தக்கவை. டான் ஹியோக் நீ வீதியில் 1919-ம் வருஷத்திலிருந்து நடந்து வரும் ஒரு ரொட்டிக் கடையில், விறகடுப்பிலே வாழைப்பழக் கேக் சுடுகிறார்கள். அதன் வாசனையே நம்மைக் கடைக்கு இழுத்துச் சென்றது. ரயில் பாதைக்கு அருகே இருக்கிறது ராஜகாளியம்மன் கோயில். 1922-ல் சிறு குடிலாகத் தொடங்கிய இந்த ஆலயம், இன்று சுவர், தூண், விதானம் எல்லாம் கண்ணாடிச் சில்லுகள் பதித்து ஜொலிக்கிறது. எத்திசை நோக்கினாலும் நூறு தீபங்கள். நம்முடைய முகமும் நூறு!

எங்களில் ஒருவர் ஜோகூர் பாருவிலேயே பிறந்தவர். சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம். அவருடைய தாயாரின் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. முன்பெல்லாம் அவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இரவு வீடு திரும்புவாராம். சில வருஷங்களாக ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்து வரும்போது, ஆயிரக்கணக்கானோர் தினமும் இந்தச் சிரமத்தை ஏற்பதில் வியப்பில்லை. 1973-ம் வருஷம் வரை இரு நாணயங்களும் சரிக்குச் சரியாகச் செல்லுபடியாயின என்பதை இன்று நம்புவதுதான் கடினம்!

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச் 18-ந் தேதி மலேசியா தன் எல்லையை மூடிற்று. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நண்பர் சிங்கப்பூரிலேயே தங்கினார். தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தரை மார்க்கம் தாராளமாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதிதான்.

"கடலோரம் போய் நின்றால் சிங்கப்பூர் விளக்கெல்லாம் தெரியும், தம்பி" என்றார் அந்த அம்மாள், இலையில் மீன் குழம்பை ஊற்றியபடியே. "எந்த விளக்கு என் பிள்ளை வீட்டு விளக்கு என்று மட்டும் தெரியாது."

நண்பர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கரையில் எடுத்த வாடகை அறையை அவர் இன்னும் விடவில்லை. மீண்டும் பாலத்தை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

1965 ஆகஸ்டு 9-ந் தேதிக்கு முன் இவ்விரண்டும் ஒரே தேசமாக இருந்தவை. பிரிந்த பின்பும் ஒன்றையொன்று விட முடியவில்லை. 1962-ம் வருஷத்து ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் தினம் 25 கோடி காலன் வரை தண்ணீர் எடுக்கலாம். விலை ஆயிரம் காலனுக்கு மூன்று சென். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கு ஐம்பது சென் விலையில் ஜோகூருக்கே திரும்புகிறது. இந்த விலையைப் பற்றி இரு சர்க்கார்களும் வாதாடாத காலம் குறைவு. ஆயினும் ஒப்பந்தம் 2061 வரை நிற்கிறது. எல்லை அடைபட்டிருந்த நாட்களிலும் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. லாரிகளில் காய்கறி வருவதும் நிற்கவில்லை. நின்றவர்கள் மனிதர்கள்தாம்.

கடற்பாலத்துக்குத் துணையாக நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு புதிய ரயில் பாதையை இரு சர்க்கார்களும் சேர்ந்து மேற்கொண்டிருக்கின்றன. புறப்படும் நிலையத்திலேயே இரு தேசத்துச் சோதனையும் முடிந்துவிடும். பிரயாணம் ஐந்து நிமிஷந்தான் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு. தேசங்களுக்கு எல்லை வேண்டியதுதான். வீட்டுக்கு வாசற்படி வேண்டாமா? ஆனால் வாசலை அடைக்க நேரும் ஆபத்துக் காலத்தில், தண்ணீருக்கும் காய்கறிக்கும் வழி விடுவதுபோல, தாயைத் தேடி வரும் பிள்ளைக்கும் ஒரு வழி விட்டுவைப்பதற்கு இரு சர்க்கார்களும் இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளட்டும். அந்த ஏற்பாடு ஆகிவிட்டால், நண்பர் தம்முடைய வாடகை அறையைக் காலி செய்துவிடலாம்.