பிறந்த ஊர் எந்த நாடு?

பிரெஞ்சுப் பிரஜை, ஆனால் அமெரிக்கக் குலுக்கலில் இந்தியர்!

பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரரிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா'. பிரான்சின் ஜனாதிபதி தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறவர் இவர். பாகூரிலும் வில்லியனூரிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு.

அப்படி ஒருவர், பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி, அமெரிக்க விசாக் குலுக்கலுக்கு மனுப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். "உமது தகுதி நாடு எது?" என்று மனுவில் ஒரு கட்டம். அவர் என்ன எழுதுவார்? 'பிரான்சு' என்றுதானே!

அங்கேதான் வந்தது வினை. அந்தக் கட்டம் பிரஜாவுரிமையைக் கேட்கவில்லை. பிறந்த மண்ணைக் கேட்கிறது.

குலுக்கலின் கணக்கு

அமெரிக்கா 1990-இல் செய்த சட்டத்தில் பிறந்தது இந்தக் குலுக்கல். 1995-ஆம் நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி ஆண்டுக்கு 55,000 விசாக்கள். பிற்பாடு அது 50,000 அளவுக்குக் குறைந்தது. முந்திய ஐந்தாண்டுகளில் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவில் குடியேறிய நாட்டுக்காரருக்கு இதில் இடமில்லை. இந்தியாவுக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பக்கத்து இலங்கைக்கும் நேபாளத்துக்கும் இடம் இருந்தது!

"ஐயா, நான் 1950-இல் பிறந்தவன். அப்போது பாகூரில் பறந்தது பிரெஞ்சுக் கொடி அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்கச் சட்டம் பழைய கொடியைப் பார்ப்பதில்லை. பிறந்த இடம் இன்று எந்த நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது என்றே பார்க்கிறது. ஆகவே பாகூரில் பிறந்தவர், பாஸ்போர்ட் எதுவானாலும், அங்கே இந்தியக் கணக்கில்தான் சேருவார்.

திருத்த முடியுமா?

முடியாது. மனு ஒருமுறை போய்விட்டால் போனதுதான். 'தப்பாகப் போட்டுவிட்டேன், சரியாக இன்னொன்று போடுகிறேன்' என்று இரண்டாவது மனுப் போட்டால் இரண்டுமே தள்ளுபடி. ஒருவருக்கு ஒரு மனுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், பிழை உடனே தெரிவதில்லை. குலுக்கலில் பெயர் விழும். வீட்டில் பாயசம் வைப்பார்கள். வைத்தியப் பரிசோதனை, போலீஸ் சான்று, விசாக் கட்டணம் என்று பணம் கரையும். 2024-இல் அந்தக் கட்டணம் மட்டும் தலைக்கு 330 டாலர். பேட்டி நாளன்று அதிகாரி பிறப்புச் சான்றைப் புரட்டி, 'பாகூர்' என்ற சொல்லில் விரலை வைப்பார். அத்தோடு கதை முடிந்தது. கட்டிய பணம் திரும்பாது. பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்து மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டு பக்கவாசல்கள் சட்டத்திலேயே உண்டு. மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால் கணவர் இலங்கையைத் தம் தகுதி நாடாகக் காட்டலாம். மனைவியின் பெயர் மனுவில் இருக்க வேண்டும்; இருவரும் விசாப் பெற்றுச் சேர்ந்தே அமெரிக்காவில் நுழைய வேண்டும். மற்றொன்று: பிறந்த நாட்டில் தாயும் தந்தையும் பிறக்கவுமில்லை, பிள்ளை பிறந்த சமயத்தில் அங்கே குடியிருக்கவுமில்லை என்றால், பெற்றோர் பிறந்த நாட்டைச் சொல்லலாம்.

வில்லியனூர்க் குடும்பத்தில் சைகோனில் பிறந்த பிள்ளைகள் பாடு பரிதாபம். வியட்நாமும் விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இருந்தது. பெற்றோர் ஊரைச் சொல்லலாம் என்றால் அது இந்தியா! ரீயூனியன் தீவில் பிறந்த ஒன்றுவிட்ட தம்பியோ பிரான்சுக் கணக்கில் சுலபமாக நுழைந்துவிடுவார்.

2025 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்தக் குலுக்கல் திட்டத்தையே நிறுத்தி வைக்க உத்தரவிட்டது.

ஆறு மாத அவகாசம்

பிறந்த ஊரை வைத்துத் தலையெழுத்து மாறுவது பாகூருக்கும் வில்லியனூருக்கும் புதிதல்ல. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் மறுத்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் கைமாறவில்லை! 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-இல்தான் அமுலுக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்று முதல் இந்தியர் ஆவார்கள். வேண்டாம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்கலாம். தகப்பன் போடும் கையெழுத்து, பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர்தான். ஏர் பிடித்தவனுக்கு ஷரத்தைப் படித்துச் சொன்னவர் யார்? பட்டாளத்துத் தொடர்பு உள்ள வீடுகளுக்குச் சேதி போயிற்று. மற்றவர்களுக்கு ஆறு மாதம் நடவும் அறுப்புமாக ஓடிவிட்டது.

பிரெஞ்சுப் பகுதிக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுப் பிரஜைகளைப் பற்றியோ அந்த ஒப்பந்தம் வாயே திறக்கவில்லை. ஆகவே அவர்கள் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுப் பிரஜைகளாக நீடித்தார்கள் என்று பிரான்சில் பொருள் கொள்ளப்பட்டது.

இந்த மௌனம் கிராமத்தில் என்ன செய்தது, பாருங்கள். பாகூர் கொம்யூனைச் சுற்றிக் கடலூர் ஜில்லா. புதுச்சேரியிலிருந்து பாகூருக்குப் பஸ்ஸில் போனாலே வழியில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்தா நடந்தது? தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். தாய்வீடு கடலூர்ப் பக்கம் என்றால் மூத்த பிள்ளை பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தான். இளையவன் புருஷன் வீட்டில், பாகூரில் பிறந்தான். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே நிலம்.

1962-இல் இருவரும் வளர்ந்த ஆண்மக்கள். இருவருமே ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. மூத்தவர் பிரெஞ்சுக்காரராக நீடித்தார், இளையவர் இந்தியரானார். தாய்வீட்டில் பிறந்ததற்கு ஆதாரம் தேடிப் பிள்ளைகளும் பேரன்களும் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். பிரஜாவுரிமைச் சான்று கேட்டுப் பிரான்சின் நீதிமன்றங்கள் வரை வழக்குகள் போயின.