அன்னை என்று அழைத்துவிட்டால் போதுமா?
செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியையை நினைவுகூர்தல்



நினைவுக் கூட்டங்களில் நாம் அதிகம் பயன்படுத்தும் சொற்களில் ஒன்று ‘அன்னை’. அன்னை சாவித்திரிபாய், அன்னை ரமாபாய், அன்னை மீனாம்பாள் என்கிறோம். மரியாதையோடுதான் சொல்கிறோம். ஆனால், ஒரு பெண்ணை அன்னை என்று அழைத்ததும் அவர் அன்பு காட்டியவராக, பொறுத்துக்கொண்டவராக, தியாகம் செய்தவராக மட்டுமே நம் மனத்தில் தங்கிவிடுகிறார். அவர் என்ன திட்டமிட்டார், யாரோடு முரண்பட்டார், எந்த வழிமுறையை உருவாக்கினார் என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன.

இதைப் பேசுவதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். செப்டிமா பாயின்செட் கிளார்க். தாய், பாட்டி, நாற்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியை. அமெரிக்கக் குடியுரிமை இயக்கத்தின் தாய் என்று அவரையும் அழைக்கிறார்கள். கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அந்நியமானதல்ல. பாபாசாகேப் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்தே பெயரை எடுத்துக்கொண்டது. அந்த டுபாய்ஸிடம் 1937இல் அட்லாண்டாவில் கோடைக்கால வகுப்பில் படித்தவர் செப்டிமா.

முப்பத்தைந்து டாலரும் எண்பத்தைந்து டாலரும்

செப்டிமா 1898 மே 3 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். தாய் விக்டோரியா துணி வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியவர். ஆனாலும், வெள்ளையர் வீட்டு வேலைக்காரியாக மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தவர்.

1916இல் ஆசிரியை ஆனார். சார்லஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளுக்கு வெள்ளையரே பாடம் நடத்தினார்கள். கறுப்பின ஆசிரியர்களுக்கு அங்கே இடமில்லை. எனவே படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே 132 குழந்தைகளுக்கு அவரும் இன்னொரு ஆசிரியையும் மட்டுமே. செப்டிமாவுக்கு மாதச் சம்பளம் 35 டாலர். அதே தீவின் வெள்ளையர் பள்ளியில் 3 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை. அவருக்கு 85 டாலர். ஒரே வேலை, ஒரே தீவு. நிறம்தான் சம்பளத்தைத் தீர்மானித்தது.

1919இல் நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரும் இயக்கம் எழுந்தது. வசதியுள்ள கறுப்பினத்தவர்தான் இதைக் கேட்கிறார்கள், வீட்டு வேலை செய்யும் சாதாரண மக்களுக்கு இதில் அக்கறையில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. செப்டிமாவும் தோழர்களும் வீடு வீடாகப் போய் அந்தச் சாதாரண மக்களிடமே ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். 1920இல் சட்டம் மாறியது. கையெழுத்து என்பது எத்தகைய ஆயுதம் என்பதை அவர் அப்போதே தெரிந்துகொண்டார்.

பின்னர் கொலம்பியா நகரில் பணியாற்றியபோது சம ஊதிய வழக்கில் பங்கெடுத்தார். தர்குட் மார்ஷல் வாதாடிய அந்த வழக்கில் 1945இல் வெற்றி கிடைத்தது.

தாய்மைக்கு யார் விலை கொடுத்தார்கள்?

1920இல் கப்பற்படைச் சமையல்காரர் ஒருவரை மணந்தார். முதலில் பிறந்த பெண் குழந்தை 23 நாளில் இறந்துபோனது. 1925இல் மகன் பிறந்தான். அதே ஆண்டில் கணவர் இறந்தார். தனியாளாக, ஆசிரியைச் சம்பளத்தில் பிள்ளையை வளர்க்க முடியவில்லை. வட கரோலினாவின் ஹிக்கரியில் இருந்த கணவரின் பெற்றோரிடம் மகனை அனுப்பிவைத்தார். அப்பாயிதான் அந்தப் பிள்ளையை ஆளாக்கினார். பின்னாளில் செப்டிமாவும் பாட்டியானார்.

‘இயக்கத்தின் தாய்’ என்று போற்றும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் தன் பிள்ளையை இன்னொரு வீட்டில் விட வேண்டியிருந்தது. இதைத் தியாகம் என்று அழகுபடுத்திவிட்டால், நிறத்தின் பெயரால் குறைத்துக் கொடுக்கப்பட்ட சம்பளம் கணக்கிலிருந்து தப்பித்துவிடுகிறது. நம் குடும்பங்களிலும் முதல் தலைமுறை ஆசிரியை ஒருவர் வேலைக்குப் போக, ஓர் அம்மாயியோ அப்பாயியோ பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்திருப்பார். அந்தப் பாட்டியின் உழைப்புக்கும் இயக்க வரலாற்றில் பக்கம் ஒதுக்க வேண்டும்.

726 கடிதங்கள்

1956இல் தென் கரோலினா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். செப்டிமா உறுப்பினர் பதவியை மறைக்கவும் இல்லை, விடவும் இல்லை. வேலை போனது. நாற்பது ஆண்டுப் பணிக்கான ஓய்வூதியமும் போனது.

சக கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்கு, எதிர்த்து நிற்க வருமாறு கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டவர்கள் 11 பேர். வாசல் வரை வந்தவர்கள் அவரையும் சேர்த்து ஐந்து பேர். அவரைப் பாராட்ட நடந்த விருந்தில்கூட, வேலை போய்விடும் என்ற பயத்தால் அவர் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளப் பலர் முன்வரவில்லை.

நம்மில் பலர் இந்த இடத்தில் துரோகிகள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். செப்டிமா அப்படிச் சொல்லவில்லை. அதைத் தன் வாழ்வின் தோல்விகளில் ஒன்றாகவே கருதினார். தயாராகாத மக்களைத் தான் முன்னே தள்ளப் பார்த்ததாக நினைத்தார். முதலில் பயிற்சி, பிறகுதான் அழைப்பு என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய அடுத்த பதினைந்து ஆண்டு வேலைக்கு இந்த முடிவே அடித்தளம்.

மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளி

தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிவு செய்ய மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்ட மக்களிடம், படித்தால்தான் ஓட்டு என்றார்கள். பள்ளியை மூடியவர்களே பரீட்சை வைத்தார்கள்.

ஜான்ஸ் தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டியவர் ஈசா ஜென்கின்ஸ். ஆலிஸ் வைன் என்ற பயணி, அந்தச் சட்டப் பகுதியைத் தனக்குச் சொல்லித்தருமாறு அவரிடம் கேட்டார். அந்தக் கோரிக்கையிலிருந்து வளர்ந்ததுதான் குடியுரிமைப் பள்ளி. டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளி அதற்குப் பணம் கொடுத்தது. வேலை பறிபோன செப்டிமாவுக்கு அப்போது பணி தந்திருந்ததும் அந்தப் பள்ளிதான். ரோசா பார்க்ஸ், பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்ததற்குச் சில மாதங்கள் முன்பு, 1955 கோடையில் அங்கே செப்டிமாவின் பயிலரங்கில் கலந்துகொண்டவர்.

1957 ஜனவரி 7 அன்று முதல் வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, வெள்ளையர் கண்ணில் படாமலிருக்க. பின்பக்கம் வகுப்பறை. முதல் நாள் வந்தவர்கள் 14 பேர். ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் செப்டிமாவின் உறவினர், சிகை அலங்காரத் தொழில் செய்தவர், ஆசிரியப் பயிற்சி பெறாதவர். செப்டிமா அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். முறையான ஆசிரியர்கள் பெரியவர்களையும் குழந்தைகளைப் போல நடத்திவிடுவார்கள். மேலும், அழகு நிலையத்தின் வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். அவருடைய பிழைப்பில் வெள்ளையர் கைவைக்க முடியாது.

உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று பெர்னிஸ் கேட்டார். சொந்தப் பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவைதான் பாடத்திட்டம் ஆயின. அட்டையில் எழுதிய பெயரின் மேல் பென்சிலைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கையைப் பழக்கினார்கள். பதிவுப் படிவமே வாசிப்புப் புத்தகம். அந்தப் படிவத்தைப் படிக்கும்போதே, ஏன் இந்தச் சட்டம், யார் போட்டது என்ற கேள்வி வந்தது. எழுத்தறிவும் அரசியலும் ஒரே பாடமாக நடந்தன.

1959 ஜூலையில் ஹைலாண்டரில் காவல்துறை புகுந்து, சாராயம் வைத்திருந்ததாகப் பொய்க் குற்றம் சாட்டி செப்டிமாவைக் கைது செய்தது. பிறகு அந்த வழக்கு கைவிடப்பட்டது. பள்ளிக்கு நெருக்கடி முற்றியதால், 1961இல் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு மாறியது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்துக்குத் தெற்கு மாநிலங்களிலிருந்து விவசாயிகளும் வீட்டு வேலைப் பெண்களும் வந்து பயிற்சி பெற்று, ஊர் திரும்பித் தாங்களே வகுப்பு நடத்தினார்கள். மிசிசிப்பியின் பருத்திக்காட்டுத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரும் இத்திட்டத்தில் பயிற்சி பெற்றவரே. 1970க்குள் ஏறத்தாழ 900 பள்ளிகள் உருவாகியிருந்தன. 1965இன் வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுச் சோதனையை நிறுத்திவைத்தபோது, ஊர்தோறும் பதிவுக்குத் தயாராக மக்கள் இருந்தார்கள்.

அவர் கேட்ட கேள்வி

இவ்வளவும் செய்தவரை அமைப்பின் ஆண் தலைவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை செப்டிமாவே பதிவு செய்திருக்கிறார். செயற்குழுவில் இந்தப் பெண் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எல்லாப் பேரணிக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், உள்ளூரில் தலைவர்களை உருவாக்குங்கள் என்று அவர் கிங்குக்குக் கடிதம் எழுதினார். அதைக் கூட்டத்தில் படித்தபோது சிரித்தார்கள். அவர்களுக்கு அவர் அன்னையாக இருப்பதில் சிக்கலில்லை. சமமாக உட்கார்ந்து யோசனை சொன்னதுதான் சிக்கல். இந்தச் சிரிப்பை நம் இயக்கப் பெண்களும் கேட்டிருக்கிறார்கள்.

1975இல் சார்லஸ்டன் பள்ளி வாரியத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே சார்லஸ்டனின் பள்ளி நிர்வாகம்தான் ஒருகாலத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பியது. 1976இல் ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது. 1987 டிசம்பர் 15 அன்று, முதன்முதலில் பாடம் நடத்திய ஜான்ஸ் தீவிலேயே இறந்தார்.

நம் படிவம் எது?

மாணவ நண்பர்களே, நம் சேரிகளில் மாலைநேரப் பயிலகங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளின் தாயும் பாட்டியும் எந்தத் தாளின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார்கள் என்று கேட்போம். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், பட்டா, நூறுநாள் வேலை அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக முதல் தகவல் அறிக்கை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 5ஆம் விதி தெளிவாக இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக்காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், தான் சொன்னது என்னவென்பதே பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தில்தான் தெரியவரும். சாதிப் பெயர் சொல்லித் திட்டியது விடுபட்டிருந்தால், வழக்கின் உயிரே போய்விடும்.

இந்த ஒரு விதியையும் ஒரு முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பாடப்புத்தகமாக வைத்து, வாரம் இரண்டு மாலை, பத்துப் பெண்களோடு உட்கார முடியும். பாடம் நடத்த அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா போதும். செப்டிமாவை நினைவுகூர விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.