விழித்திரை காட்டும் ரத்த அழுத்தம்

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலர் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். கண் என்று வந்தால் மட்டும், எழுத்துப் பலகையைப் படித்துக் கண்ணாடியின் பவரை மாற்றிக்கொள்வதோடு சரி. அது போதாது. கத்தி வைக்காமல், உடலின் சிறு தமனிகளைத் தெளிவாக நேரில் பார்க்க விழித்திரையை விட்டால் வேறு இடம் கிடையாது. கருவில் மூளையிலிருந்து கிளைத்து வளர்ந்த திசு அது. அங்கே தமனிகள் கெட்டிப்பட்டிருந்தால், மூளையின் நுண்குழாய்களைப் பற்றியும் கவலைப்படத்தான் வேண்டும்.

அழுத்தம் ஏறியதும் தலைமுடிப் பருமனே உள்ள இந்தத் தமனிகள் சுருங்கிக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் அது நீடித்தால் சுவர் தடித்து, வெளிச்சத்தில் செம்புக் கம்பியாகவும், முற்றிய நிலையில் வெள்ளிக் கம்பியாகவும் மின்னும். தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். இரண்டுக்கும் அங்கே உறை ஒன்றுதான். கெட்டிப்பட்ட தமனி, மெல்லிய சிரையை நசுக்குகிறது. அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், சிரைக்கு வந்து சேர வேண்டிய ரத்தம் பின்தங்கி விழித்திரைக்குள் கசிந்துவிடும். முந்தின நாள் வரை நன்றாகப் பார்த்தவருக்குக் காலையில் ஒரு பக்கம் மங்கலாகத் தெரியும். அழுத்தம் மிக அதிகமாகப் போனால் ரத்தக் கசிவும், ரத்தம் எட்டாத இடங்களில் பஞ்சுத் துணுக்கு போன்ற வெண்திட்டுகளும் தோன்றும். பார்வை நரம்பின் முனையே வீங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. 1939-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் கீத், வேகனர், பார்க்கர் ஆகியோர் விழித்திரை மாற்றங்களை வைத்து நோயாளிகளை நான்கு பிரிவாக்கினார்கள். முதல் பிரிவில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். நான்காம் பிரிவில் 6 சதவீதம். நல்ல மருந்துகள் இல்லாத காலம் அது. இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது, ஆனாலும் கண்ணில் தெரிந்தது உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை அந்தக் கணக்கு நிலைநாட்டியது.

‘எனக்குப் பார்வை நன்றாகத்தானே இருக்கிறது?’ என்று கேட்பார்கள். ஆரம்ப மாற்றங்கள் பார்வையைத் தொடுவதே இல்லை. மங்கும்போது பாதிப்பு முற்றியிருக்கும். ‘கையில் பட்டை கட்டி அளந்தால் தெரியாதா?’ என்பது இன்னும் நியாயமான கேள்வி. லேசான ரத்த அழுத்தம் உள்ள எல்லோருக்கும் விழித்திரைச் சோதனை தேவையா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வயதானாலும் தமனிகள் ஒடுங்கும் என்பதால், லேசான ஒடுக்கத்தை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் பட்டை காட்டுவது அந்த நிமிடத்தின் அழுத்தத்தை. பல ஆண்டு அழுத்தம் குழாயை என்ன செய்திருக்கிறது என்பதை விழித்திரைதான் காட்டும். அமெரிக்காவில் நடுவயதினர் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்த ஆரிக் ஆய்வில், விழித்திரையில் இத்தகைய பாதிப்பு இருந்தவர்களுக்குப் பின்னாளில் பக்கவாதம் வந்தது அதிகம். அழுத்த அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

அழுத்தம் கட்டுக்குள் வந்தால் கசிவும் வெண்திட்டுகளும் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் மறையும். தடித்த தமனி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். அதற்காக மாத்திரையை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்; அழுத்தம் சட்டென்று இறங்கினாலும் பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்துவிடும். அடுத்த முறை கண் டாக்டரிடம் போகும்போது, பி.பி. இருப்பதைச் சொல்லி, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட வேண்டாம். பார்வை திடீரென்று மங்கினால் அன்றைக்கே போங்கள்.